கால் டாலர்

அயோவாவில் பிப்ரவரி. மூக்குமயிர் உறைகிற குளிர்.
பள்ளிக்கூட பாய்லரை நாலு மணிக்கே முடுக்கிவிட்டேன்.
ஜிம்மில் நூற்றுமுப்பது நாற்காலி,
நூலகத்தில் எழுபது.
இரண்டு கட்சிக்கும் ஒரே துடைப்பம்.

நூலகத்துக் கட்சிக்காரர்கள்
சீட்டில் பேரெழுதி மடித்துப் போட்டுவிடுவார்கள்.
ஜிம்காரர்கள் அப்படியில்லை.
தங்கள் உடம்பையே வாக்காகத் தூக்கிக்கொண்டுபோய்
கூடைப்பந்து வளையத்தின் கீழே ஒருவருக்காகவும்
ஸ்கோர் பலகையின் கீழே இன்னொருவருக்காகவும்
நிற்கவேண்டும்.
கால் கடுத்தால் கொள்கையும் கொஞ்சம் சாயும்.

ஒரே பிக்கப்பில் வந்து இறங்கினார்கள்
வெர்லின் ஹூக்ஸ்ட்ராவும் ஆர்லிஸும்.
முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியம்.
அவர் வலப்பக்கக் கதவு, அவள் இடப்பக்கக் கதவு.
நான் செய்த ஏற்பாடில்லை, கட்டடம் அப்படி.

அவருடைய ஆள் அரிசோனாவில் நீச்சல்குளம் விற்றவன்.
ஒருநாளும் பதவியில் இருந்ததில்லை. அதுவே தகுதி.
"சந்தையை அவிழ்த்துவிடுங்கள்,
மேய்ந்துவிட்டுத் தானே வீடு திரும்பும்" என்கிறான்.

அவளுடைய ஆள் ஒரு கிழவர்.
தபால்காரர் சங்கத்தில் முப்பது வருடம் கத்திய தொண்டை.
சோஷலிசம் என்ற சொல்லை
சர்ச்சில் ஏப்பம் விடுவதுபோல்
கூசாமல், சத்தமாகச் சொல்கிறார்.

இருவரும் முடிப்பது ஒரே வாக்கியத்தில்:
"நான் அவர்களில் ஒருவன் இல்லை."
அந்த 'அவர்கள்' யாரென்று
நானும் ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன்.

நூலகத்தில் வெர்லின் எழுந்தார்.
"எனக்கு யாரும் எதையும் சும்மா தந்ததில்லை."
சோளத்துக்கு வந்த அரசாங்கக் காசோலை
அவர் சட்டைப்பைக்குள் லேசாக இருமியது.
வாசலில் நின்றதால் எனக்குக் கேட்டது.

ஜிம்மில் ஆர்லிஸ் பேசினாள்.
இன்சுலினுக்காகப் பனியில் ஆறு மணி நேரம்
கனடா எல்லைக்கு ஓட்டிப்போன தங்கையைப் பற்றி.
"மருந்துக்கு விலை வைக்கிறவனுக்கு
நோய் இல்லை, அவ்வளவுதான்" என்றாள்.
துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
நானும் கைதட்டினேன்.

அதே ஆர்லிஸ்தான்
போன வாரம் ஒரு டஜன் முட்டைக்கு
கால் டாலர் குறைகிறதென்று
என்னை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவள்.

எட்டரை மணி. கடைசிப் பிரதிநிதி யாருக்கு?
கிழவர் பக்கம் நாற்பத்தொன்று.
முன்னாள் கவர்னர் பக்கம் நாற்பத்தொன்று.
மூன்றுமுறை எண்ணினார்கள்.
யாரோ ஒருத்தியின் இடுப்பிலிருந்த குழந்தையைச் சேர்த்தார்கள்,
பிறகு கழித்தார்கள்.
விதி சொல்கிறது: காசைச் சுண்டு.

எண்பத்திரண்டு பேரில்
ஒருவரிடமும் காசு இல்லை.
அட்டை இருந்தது, போன் இருந்தது,
ஒரு பையன் பனியனில் புரட்சிகூட இருந்தது.
நடையிலிருக்கும் தின்பண்ட இயந்திரத்தின் வாய்க்குள் விரல்விட்டு
எவரோ மறந்த கால் டாலரை
நான்தான் எடுத்துவந்தேன்.
சந்தை துப்பிய மிச்சம்.

மேலே போனது.
விளக்கொளியில் ஒரு கணம்
தலையுமில்லை கழுகுமில்லை.
நாடு நன்றாக இருந்தது அந்த ஒரு கணம்தான் என்று
ராத்திரி படுக்கையில் தோன்றியது.
அப்போது என் கவலையெல்லாம்
படிக்கட்டு இருக்கைகளுக்கு அடியில் உருண்டுவிடுமோ என்பதுதான்.

கழுகு விழுந்தது. கிழவருக்கு.
ஆர்லிஸ் அழுதாள்.
தோற்ற பக்கத்து டீச்சர் ஒருத்தி
கைக்குட்டை கொடுத்தாள், இனாமாக.

பிக்கப் வெகுநேரம் கிளம்பவில்லை.
மூச்சுப் படிந்த கண்ணாடிக்குப் பின்னால்
நாலு கைகள் வீசி வீசிப் பேசின.
ஹீட்டர் இருவருக்கும் ஓடியது.

நான் எந்த மூலை என்று யாரும் கேட்கவில்லை.
துடைப்பத்தோடு நிற்கிறவன்
எந்த மூலையிலும் நிற்கலாம்.
காசையும் யாரும் கேட்கவில்லை.

நாளைக் காலை முட்டைக்குப் போகிறேன்.
இந்தமுறை கணக்குச் சரியாக இருக்கும்.
இது எந்தக் காசென்று அவளுக்குத் தெரியும்.
தெரிந்தும் எண்ணித்தான் வாங்குவாள்.

முட்டை நல்ல முட்டை.